‘எக்ஸ்ட்ரா ஆயிடுச்சு சார்’: பெங்களூரில் வீடு கட்டுபவர்கள் கவனத்துக்கு

பெங்களூரில் 30-க்கு 40 அடி சைட்டில் (மனையில்) வீடு கட்டும் தமிழ்க் குடும்பங்கள் பல, “கிருஷ்ணகிரிக்காரர், நம்ம ஆளு” என்ற நம்பிக்கையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று வாய்ப்பேச்சிலேயே ஒரு மேஸ்திரியிடம் வேலையை ஒப்படைத்துவிடுகின்றன. அஸ்திவாரக் குழியை மூடி மண் நிரப்பியதும் முதல் எக்ஸ்ட்ரா பில் நீட்டப்படும்: “மண்ணு சரியில்ல சார், அஞ்சடிக்குப் பதிலா ஏழடி தோண்டினோம். நாப்பது மூட்டை சிமெண்டு, அரை டன் கம்பி கூடுதலாயிடுச்சு.”

மூடிய குழியையும் கணக்கில் திறந்து பார்க்கலாம். 12 பில்லர், ஒவ்வொன்றும் 9-க்கு 12 அங்குலம் என்று வையுங்கள். ஆழம் இரண்டடி கூடினால் ஒரு பில்லருக்கு ஒன்றரை கன அடி கான்கிரீட், மொத்தம் 18 கன அடி. அதாவது அரை கன மீட்டர். எம்20 என்ற தரக் கான்கிரீட் கலவைக்கு கன மீட்டருக்குச் சுமார் 8 மூட்டை. ஆகக் கூடுதல் சிமெண்ட் நாலைந்து மூட்டைதான், நாற்பது அல்ல! பில்லருக்கு ஆறு 12 எம்.எம். கம்பி என்றால் கூடுவது 40 கிலோ, அவற்றைச் சுற்றிக் கட்டும் 8 எம்.எம். ரிங் ஆறு அங்குலத்துக்கு ஒன்று போட்டால் இன்னும் 17, 18 கிலோ. கழிவு சேர்த்தாலும் 65 கிலோ தாண்டாது. ஃபுட்டிங்கையே (பில்லருக்கு அடியில் போடும் அகலமான கான்கிரீட் அடித்தளம்) பெரிதாக்கினோம் என்றால், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் திருத்திக் கொடுத்த வரைபடத்தைக் கேளுங்கள்.

தோண்டிய கூலி வேறு விஷயம். 5-க்கு 5 அடிக் குழி இரண்டடி ஆழம் கூடினால் 50 கன அடி, பன்னிரண்டுக்கும் 600 கன அடி. அது உண்மையான செலவு, கொடுத்துவிடுங்கள். பாறை வந்து அதை உடைக்கும் பிரேக்கர் இயந்திரம் ஓடியிருந்தால் எத்தனை மணி நேரம் என்ற குறிப்பு வேண்டும்.

கம்பியில் இன்னொரு ஏமாற்று, எடை. எம்.எம். கணக்கில் விட்டத்தை விட்டத்தால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் கிலோ எடை கிடைக்கும். 12 எம்.எம்.முக்கு 0.888. 12 மீட்டர் நீளக் கம்பி பத்தைச் சேர்த்து எடை மேடையில் வைத்தால் 106 கிலோ சுற்றி நிற்க வேண்டும். நூறுக்குக் கீழே இறங்கினால் அந்த லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

கடைசியில் “18 சதவீதம் ஜிஎஸ்டி தனி” என்பார்கள். பதிவு எண்ணோடு வரி பில் கொடுக்காதவருக்கு வரி என்று ஒரு ரூபாயும் தராதீர்கள்.

தகராறு வந்துவிட்டால் எல்லாப் பணத்தையும் நிறுத்துவது தவறு. அவர் அதையே காரணமாக்கி வேலையை விட்டுப் போவார். மறுப்பில்லாத தொகையை வங்கி வழியாகக் கொடுத்துவிட்டு, எக்ஸ்ட்ராவுக்கு மட்டும் நீளம், அகலம், ஆழம், எண்ணிக்கை, ரேட் என்று பிரித்துக் கேட்டு ஸ்பீட் போஸ்டிலும் வாட்ஸ்அப்பிலும் எழுதுங்கள். பதில் வராவிட்டால் அரசு நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த தொகை 50 லட்சம் வரை அங்கே, 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஆள் மாற்றுவதாக இருந்தால், முதலில் தனி இன்ஜினியரை வைத்து வேலை நின்ற இடம்வரை அளந்து, டேப்போடு படம் எடுத்து, சைட்டில் கிடக்கும் கம்பி, மூட்டை, சென்ட்ரிங் பலகை வரை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். புது மேஸ்திரி ஒரு வரிசைக் கல் ஏற்றிவிட்டாலே யார் கட்டியது எது என்று பிரிக்க முடியாது.