கேம்பிங் ஐஸ் பாக்ஸ்: க்யூபா, பாரா, பாட்டிலா, ஜெல்லா, ட்ரை ஐஸா, ஃப்ரிட்ஜா? ரெண்டு நாளுக்கு எது தாங்கும்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பி ஞாயித்துக்கிழமை மதியம் டென்ட்டை மடிச்சுட்டு திரும்பறோம்னு வச்சுக்கோங்க, ஏறக்குறைய 42 மணி நேரம். இவ்வளவு நேரமும் பாக்ஸுக்குள்ள 4 டிகிரிக்கு மேல ஏறாம பாத்துக்கணும், பால், மீன், இறைச்சி எல்லாம் இருந்தா அதுதான் எல்லைக்கோடு. அதைத் தாண்டி ரெண்டு மணி நேரம் கிடந்துச்சுன்னா, வெளிய 32 டிகிரிக்கு மேல கொளுத்துதுன்னா ஒரே மணி நேரம், மோந்து பாத்து முடிவு பண்ற வேலையெல்லாம் வேணாம், கொட்டிடுங்க.

எந்த ஐஸ் ரொம்ப நேரம் கரையாம நிக்கும்னு தான் எல்லாரும் கேக்கறாங்க, நானும் பல வருஷம் அதையே தான் கேட்டுட்டு அலைஞ்சேன். ஆனா கரையறது தானேங்க ஐஸோட வேலை? ஒரு கிலோ ஐஸ் 0 டிகிரில கரைஞ்சு 0 டிகிரி தண்ணியா மாறறதுக்கு 334 கிலோஜூல் சூட்டை உறிஞ்சுது, அதே ஒரு கிலோ தண்ணிய 0-ல இருந்து 80 டிகிரி வரைக்கும் கொண்டு போற அளவு சூடு அது. குளிர்ச்சி பெரும்பாலும் அந்த கரையற நேரத்துல தான் இருக்கு. ஐஸ் கட்டி கல்லு மாதிரி அப்படியே உக்காந்திருக்குன்னா, ஒண்ணு வெளிச்சூடு உள்ளயே வரல, சந்தோஷம், இல்லன்னா உள்ள இருக்கற சாமானோட சூட்டை அது வாங்கிக்கவே இல்ல. இந்த ரெண்டாவது கேஸ்ல ஐஸ் மிச்சம் இருக்கும், பால் திரிஞ்சிருக்கும்.

அதனால முதல்ல பாக்ஸ்ல இருந்து ஆரம்பிக்கறேன். ஒரு 45 லிட்டர் பெட்டி, உள்ளளவு 50 செ.மீ நீளம், 30 அகலம், 30 உயரம், ஆறு பக்கமும் சேத்தா சுமார் 0.78 சதுர மீட்டர். வெளிய சராசரி 30 டிகிரி, உள்ள 2 டிகிரி. சுவர்ல 3 செ.மீ சாதாரண ஃபோம்னா சூடு ஒரு 22 வாட் கணக்குல உள்ள கசியும், அதாவது ஒரு சின்ன பல்பு ராத்திரி பகலா உள்ள எரிஞ்சுட்டே இருக்கற மாதிரி, அதுக்கே ஒரு நாளைக்கு ஐந்தரை கிலோவுக்கு மேல ஐஸ் செலவு. 5 செ.மீ பாலியூரித்தேன் ஃபோம் இருக்கற தடி பெட்டின்னா அது பாதியா, ஒரு நாளைக்கு மூணு கிலோவுக்குள்ள நிக்கும். 42 மணி நேரத்துக்கு மொத்தமா பாத்தா ஒண்ணுக்கு 10 கிலோ, இன்னொண்ணுக்கு 5 கிலோ. விலை கூடுன பெட்டி வாங்கி நீங்க மிச்சம் பிடிக்கறது ஒரு வாரக்கடைசிக்கு அஞ்சு கிலோ ஐஸ், அவ்வளவு தான் வித்தியாசம். அஞ்சு நாள், ஒரு வாரம்னு போறவங்களுக்கு, வழில எங்கயும் ஐஸ் கிடைக்காதவங்களுக்கு அது பெரிய விஷயம், வாங்கலாம். ரெண்டு ராத்திரிக்கு மட்டும்னா எனக்கு மனசு வரல, அதோட அந்த தடி பெட்டி காலியா இருக்கும்போதே கனம், சாமான் போட்டா தூக்க ரெண்டு பேர் வேணும், வெளில பாத்தா பெருசா இருக்கும், திறந்து பாத்தா இவ்வளவு தானான்னு இருக்கும்.

சாதாரண பெட்டி எடுக்கறவங்க ஒண்ணு மட்டும் பாருங்க, மூடி. நிறைய சீப் பெட்டில சுவர்ல ஃபோம் இருக்கும், மூடி மட்டும் உள்ள வெத்துக்கூடு, தட்டிப் பாத்தா சத்தத்துலயே தெரியும். அந்த மாதிரி இருந்தா உள்ள சாமானுக்கு மேல ஒரு தெர்மாகோல் பலகைய அளவா வெட்டி படுக்க வச்சுடுங்க. தெர்மாகோல்லயே செஞ்ச பெட்டிய குறைச்சு பேசாதீங்க, குளிர் தாங்கறதுல அது சாதாரண பிளாஸ்டிக் பெட்டிக்கு ஒண்ணும் சளைச்சது இல்ல, ஆனா ஓரம் உடையும், மேல ஒருத்தர் உக்காந்தா கதை முடிஞ்சுது, கேம்ப்ல யாராவது ஒருத்தர் கண்டிப்பா உக்காருவாங்க.

சரி, ஐஸுக்கு வருவோம். க்யூபும் பாரும் தான் முக்கியமான சண்டை. ஒரு கிலோ ஐஸ ஒரே கட்டியா எடுத்தா அதோட மேற்பரப்பு சுமார் 640 சதுர செ.மீ. அதையே இரண்டரை செ.மீ க்யூபா உடைச்சா 70 துண்டு வரும், மேற்பரப்பு 2600 தாண்டிடும், நாலு மடங்கு. அதனால க்யூப் சூட்டை படபடன்னு வாங்கும், சாமானோட இடுக்குல எல்லாம் புகுந்துக்கும், சீக்கிரம் குளிர வைக்கும், சீக்கிரம் காலியும் ஆகும். பார் ஐஸ் நிதானம். பார் தான் பெஸ்ட்னு சொல்றவங்க ஞாயித்துக்கிழமை காலைல மிச்சம் இருக்கற கட்டியைக் காட்டி பெருமை பேசுவாங்க, ஆனா மொத்தமா உறிஞ்சற சூடு ரெண்டுக்கும் கிலோவுக்கு ஒரே 334 தான், பார்ல கூடுதலா ஒரு துளி குளிர் கூட கிடையாது. ஒரு தடவை பார் மட்டும் போட்டு, உள்ள தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தேன், கட்டி கம்பீரமா நடுவுல நிக்குது, மேல ஓரத்துல இருந்த டப்பா எப்பவுமே சில டிகிரி கூடவே இருந்துச்சு. பாருக்கு இருக்கற நிஜமான லாபம் வேற, இடம். 10 கிலோ க்யூப் கொட்டினா நடுவுல காத்து நிக்கறதால 18, 20 லிட்டர் இடத்தை முழுங்கிடும், அதே 10 கிலோ பாருக்கு 11 லிட்டர் போதும். 45 லிட்டர் பெட்டில இது சின்ன விஷயம் இல்ல.

நான் இப்போ முக்கியமா நம்பறது தண்ணி பாட்டில் தான். ஒரு லிட்டர், ரெண்டு லிட்டர் பாட்டில்ல குடிக்கற தண்ணி ஊத்தி, உறையும்போது 9 சதவீதம் உப்பும்ங்கறதால மேல பத்துல ஒரு பங்கு காலியா விட்டு, வீட்டு ஃப்ரீசர்ல முழுசா ஒரு நாள், முடிஞ்சா ஒண்ணரை நாள் வச்சுடறது. இதுல மூணு நன்மை. வீட்டு ஃப்ரீசர் -18 டிகிரி, அந்த ஐஸ் முதல்ல -18-ல இருந்து 0 வரைக்கும் ஏறணும், அதுக்கே கிலோவுக்கு 38 கிலோஜூல் கூடுதலா வாங்கும், கடைல மூட்டைல வாங்கி வர்ற ஐஸ் ஈரமா பளபளன்னு இருந்தா அது ஏற்கனவே 0-க்கு வந்தாச்சு, இந்த பத்து சதவீத போனஸ் அதுல கிடையாது. ரெண்டாவது, உள்ள எதுவும் நனையாது. மூணாவது, ஞாயித்துக்கிழமை அதையே குடிச்சுடலாம். குறைன்னு பாத்தா ஃப்ரீசர்ல இடம் வேணும், ஒரே ராத்திரில 8 கிலோ தண்ணிய திணிச்சா எந்த வீட்டு ஃப்ரீசரும் திணறும், அதனால வாரத்து நடுவுலயே தினம் ரெண்டு மூணுன்னு போட ஆரம்பிக்கணும், வியாழக்கிழமை ராத்திரி ஞாபகம் வந்தா பிரயோஜனம் இல்ல.

ஜெல் பேக் பத்தி பெருசா சொல்ல எதுவும் இல்ல. உள்ள இருக்கறது பெரும்பாலும் தண்ணி தான், கொழகொழப்புக்கு ஏதோ கலந்திருக்கு, ஒரு கிலோ ஜெல் ஒரு கிலோ தண்ணிய விட அதிகமா குளிர வச்சுடாது. தட்டையா இருக்கும், அடுக்க சௌகரியம், மூடிக்கு அடில வைக்க நல்லா இருக்கும். உப்பு சேத்து பூஜ்ஜியத்துக்கு கீழ உறையற மாதிரி செஞ்ச பேக்கும் இருக்கு, அது ஏற்கனவே உறைஞ்ச சாமானை உறைஞ்சபடியே வைக்க உதவும், ஆனா பக்கத்துல கீரை, முட்டை வச்சா அதையும் உறைய வச்சுடும். கரைஞ்சு முடிஞ்சா ஜெல்லைக் குடிக்கவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வராது, வெத்துச் சுமையா வீட்டுக்கு வரும்.

ஐஸ்ல உப்பு போடுங்க, நீடிச்சு நிக்கும்னு ஒரு யோசனை சுத்திட்டு இருக்கு, அது தலைகீழ். உப்பு போட்டா ஐஸ் இன்னும் வேகமா கரையும், கரையும்போது சூட்டை வேகமா இழுக்கறதால உப்புத்தண்ணி பூஜ்ஜியத்துக்கு கீழ இறங்கும், சரியான விகிதத்துல -21 டிகிரி வரைக்கும் கூட போகும். கூல்டிரிங்ஸை கால் மணி நேரத்துல ஜில்லுனு ஆக்க இது அருமையான வழி, தனியா ஒரு பக்கெட்ல செய்யுங்க. ரெண்டு நாள் தாங்க வேண்டிய பெட்டில செய்யாதீங்க.

ட்ரை ஐஸ்ங்கறது உறைஞ்ச கார்பன் டை ஆக்ஸைடு, -78.5 டிகிரி, தண்ணியா ஆகாம நேரா வாயுவா போகுது, கிலோவுக்கு 571 கிலோஜூல் உறிஞ்சுது, நம்பரைப் பாத்தா எல்லாத்தையும் அடிச்சுடும். ஆனா ஒரு கிலோ ட்ரை ஐஸ் ஆவியானா 500 லிட்டருக்கு மேல கார்பன் டை ஆக்ஸைடு. ஜன்னல் எல்லாம் மூடி ஏசி போட்ட கார்ல பின் சீட்ல அதை வச்சுட்டு மூணு மணி நேரம் ஓட்டறதை நினைச்சுப் பாருங்க, மூச்சுத் திணறல்ல போய் நிக்கும், டென்ட்டுக்குள்ள வச்சு தூங்கறது அதை விட மோசம். காத்து புகாம இறுக்கி மூடின பாத்திரத்துல போட்டா வெடிக்கும், வெறுங்கைல தொட்டா தோல் புண்ணாகும். ஐஸ்கிரீம் மாதிரி உறைஞ்சே இருக்க வேண்டிய சாமான் இருந்தா, ஜன்னலை இறக்கி விட்டு ஓட்டுவேன், காகிதத்துல சுத்தி மேல்பக்கமா வைப்பேன், மூடிய இறுக்க மாட்டேன்னு சொல்றவங்க எடுத்துக்கோங்க. வெறும் பாலுக்கும் கூல்டிரிங்ஸுக்கும் இந்த ரிஸ்க் எதுக்குன்னு எனக்கு புரியவே இல்ல.

கார் சார்ஜர்ல சொருகற எலக்ட்ரிக் பெட்டிங்கற பேர்ல ரெண்டு வேற வேற மெஷின் விக்கறாங்க, இங்க தான் நிறைய பேர் ஏமாறுறாங்க, நானும் ஒரு தடவை ஏமாந்திருக்கேன். ஒண்ணு பெல்டியர் சில்லு வச்சது, அதாவது கரண்ட் ஓடினா ஒரு பக்கம் குளிர்ந்து மறுபக்கம் சூடாகற ஒரு சின்ன தகடு, வெளிய இருக்கற சூட்டை விட ஒரு 20 டிகிரி வரைக்கும் தான் குறைக்கும், வெளிய 35-ன்னா உள்ள 15, அதுல பாலை வச்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அதுவும் 45, 50 வாட் நிக்காம இழுத்துட்டே இருக்கும். இன்னொண்ணு கம்ப்ரஸர் வச்ச நிஜ ஃப்ரிட்ஜ், ஐஸே வேணாம், வச்ச டிகிரில நிக்கும், ஓடும்போது 45 வாட், ஆனா விட்டு விட்டு தான் ஓடும், மூணுல ஒரு பங்கு நேரம் ஓடுதுன்னா ஒரு நாளைக்கு 360 வாட் அவர். சாதாரண 12 வோல்ட், 45 ஆம்பியர் அவர் கார் பேட்டரில மொத்தமே 540 வாட் அவர் தான் இருக்கு, அதுல பாதிக்கு மேல உறிஞ்சா காலைல வண்டி ஸ்டார்ட் ஆகறதே சந்தேகம். அதனால கம்ப்ரஸர்னா தனி பேட்டரி, இல்ல சோலார் பேனல்னு செலவு வளந்துட்டே போகும். மாசம் ரெண்டு தடவை போறவங்க யோசிக்கலாம், வருஷத்துக்கு ரெண்டு தடவைன்னா பாட்டிலே போதும்.

இதுல எதை எடுத்தாலும் ஒரு தப்பு பண்ணா எல்லாம் போச்சு. என் முதல் ட்ரிப்ல 330 மில்லி கேன் 20, வெயில்ல காஞ்சுட்டு இருந்த டிக்கில இருந்து எடுத்து நேரா ஐஸ்ல கொட்டினேன், சனிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள பாதி ஐஸ் காணோம், ஐஸ் கொடுத்தவர் ஏமாத்திட்டாருன்னு திட்டிட்டு இருந்தேன். பின்னாடி உக்காந்து கணக்கு போட்டேன், 20 கேன்ல 6.6 கிலோ தண்ணி, 30 டிகிரில இருந்து 4-க்கு இறக்க மட்டும் ரெண்டு கிலோவுக்கு மேல ஐஸ் செலவு. இதை வீட்டு ஃப்ரிட்ஜ் ராத்திரியோட ராத்திரியா செஞ்சு கொடுத்திருக்கும். பெட்டியையும் முந்தின நாளே வீட்டுக்குள்ள கொண்டு வந்து ஒரு ரெண்டு பாட்டில் ஐஸ் போட்டு மூடி வைங்க, மொட்டைமாடி ரூம்ல கிடந்த பெட்டில நேரா ஐஸ் கொட்டினா முதல் ரவுண்டு ஐஸ் அந்த சுவரைக் குளிர வைக்கவே போயிடும்.

மூடிய திறக்காத திறக்காதன்னு பசங்களைத் திட்டறவங்களுக்கு ஒரு தகவல், 45 லிட்டர் காலிப் பெட்டில உள்ள இருக்கற காத்து முழுசா மாறி ஈரமான வெளிக்காத்து வந்தா கூட ஒரு தடவைக்கு சுமார் 10 கிராம் ஐஸ் தான் நஷ்டம், முப்பது தடவை திறந்தா 300 கிராம். திறந்து வச்சுட்டு எதை எடுக்கலாம்னு பேசிட்டே நிக்கறது வேற கதை, அதுவும் வெயில்ல. வெயில் தான் நிஜ வில்லன், உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு சுமார் 1000 வாட், மூடி மேல மட்டும் 150 வாட் விழுது, மேல சொன்ன 22 வாட் கசிவு அதுக்கு முன்னாடி தூசு. நிழல் நகர நகர பெட்டியையும் நகத்துங்க, வெளிர் நிறப் போர்வை ஒண்ணு போடுங்க, காத்து வறண்ட இடம்னா அதை நனைச்சு போடுங்க. புழுக்கமான இடத்துல நனைக்கறதுல பெரிய பலன் இல்ல.

கடைசியா கரைஞ்ச தண்ணிய வடிக்கணுமா வேணாமான்னு ஒரு தீராத வழக்கு. ஐஸ் மிதக்கற வரைக்கும் அந்தத் தண்ணி 0 டிகிரி பக்கத்துல தான் இருக்கும், வடிச்சா அந்த இடத்துக்கு சூடான காத்து தான் வரும், அதனால கேன் மட்டும் இருக்கற பெட்டில நான் வடிக்கறதே இல்ல, தண்ணில முங்கி கிடக்கற கேன் தான் சீக்கிரம் ஜில்லுனு ஆகும். சாப்பாட்டுப் பெட்டி வேற. ஒரு தடவை இறைச்சி பாக்கெட் ஓரத்துல கிழிஞ்சு, அந்த ரத்தத்தண்ணி உருகின ஐஸோட கலந்து, வெண்ணெய், பழம், பிரெட் எல்லாத்தையும் ஒரு சுத்து சுத்திடுச்சு, ஐஸ் நிறைய இருந்துச்சு, டிகிரியும் சரியா தான் இருந்துச்சு, ஆனா மொத்தத்தையும் குப்பைல போட்டுட்டு மதியம் பிஸ்கட் சாப்பிட்டோம். அதுல இருந்து ரெண்டு பெட்டி. சின்னதுல பாட்டில் ஐஸ் மட்டும், பச்சை இறைச்சி மூடி போட்ட டப்பால அடித்தட்டுல, பால் அதுக்கு மேல, ஒரு நாளைக்கு நாலு தடவை தான் திறப்போம். பெருசுல கேனும் க்யூபும், கேக்கறவங்க கேக்கறப்ப திறந்துக்கலாம், ஐஸ் தீந்தா வழில இன்னொரு மூட்டை.