கோலா, ஜூஸ், டீ, ஜிகர்தண்டா: கல்லூரிப் பிள்ளைகளுக்கு எடை ஏற்றுவது எது?

"மேம், கோலாவை விட்டு ஒரு வருஷமாச்சு. இப்ப ஜூஸ் மட்டும்தான். அப்பவும் நாலு கிலோ ஏறிருச்சே?"

எடைக் கருவியில் நின்றபடியே இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கேட்டாள். நான் மதுரையில் ஒரு கல்லூரியில் உணவியல் பாடம் எடுக்கிறேன். விடுதிப் பிள்ளைகளோடு பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் எடையில் வந்துதான் நிற்கும். என்ன ஜூஸ், எந்தக் கடை, எவ்வளவு என்று கேட்டேன். சாத்துக்குடி, வாசலுக்கு எதிர்க்கடை, தினமும் சாயங்காலம் பெரிய கிளாஸ் ஒன்று. அன்றைக்கே நானும் அந்தக் கடையில் போய் நின்றேன்.

கடைக்கார அண்ணன் இரண்டு பழத்தைப் பிழிந்தார், ஐஸ் போட்டார், பிறகு நீளக் கரண்டியால் சீனியை அள்ளி ஒன்று, இரண்டு, மூன்று. வாய் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தது, கைக்கு மட்டும் கணக்குத் தப்பவே இல்லை. "அண்ணே, அந்த மூணு கரண்டிச் சீனியை மட்டும் ஒரு கவர்ல போட்டுக் குடுங்க, காசு தர்றேன்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார், ஆனாலும் கொடுத்தார். ஆய்வகத் தராசில் வைத்தால் 41 கிராம். பழத்தின் சொந்த இனிப்பையும் சேர்த்தால் 50ஐத் தாண்டும்.

இதோடு அவள் விட்டுவிட்ட கோலாவை வைத்துப் பார்ப்போம். கோலா வகையில் 100 மில்லிக்குச் சுமார் 10 முதல் 11 கிராம் சீனி இருக்கும், பாட்டிலின் பின்பக்கம் அச்சடித்தே இருக்கிறது. 10 ரூபாய்க்குக் கிடைக்கும் 200 மில்லி பாட்டில் என்றால் 21 கிராம் வரும். ஆக, 21 கிராமை விட்டுவிட்டு 50 கிராமைப் பிடித்திருக்கிறாள், அதுவும் நல்லது செய்கிறோம் என்று நம்பி. அவளைக் குறை சொல்ல மாட்டேன். "கோலா கெடுதல், ஜூஸ் நல்லது" என்று நாம்தானே சொல்லிச் சொல்லி வளர்த்தோம்?

ஒரு நாளைக்கு எவ்வளவு சீனி தாங்கும் என்ற அளவையும் சொல்லிவிடுகிறேன். மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள், முடிந்தால் 5 சதவீதத்துக்குள் சீனி இருக்கட்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு அது 50 கிராம், 25 கிராம் என்று வரும். ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 25, 30 கிராமோடு நிறுத்தச் சொல்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்தக் கணக்கில் எதையெல்லாம் சேர்க்கிறது என்பதுதான் முக்கியம். நாம் அள்ளிப் போடும் சீனி மட்டுமில்லை, தேன், பாகு, பிழிந்தெடுத்த பழச்சாற்றின் இனிப்பு எல்லாமே சேரும். முழுப் பழத்தில் இருப்பது சேராது, பாலில் இயற்கையாக இருப்பதும் சேராது. சாத்துக்குடியை உரித்து சுளையாகத் தின்றால் கணக்கில் வராதது, பிழிந்த உடனே வந்துவிடுகிறது.

சரி, மற்ற சோடாக்கள். பன்னீர் சோடா, கலர், கோலி சோடா, பொவொன்டோ எல்லாம் ஒரே குடும்பம்தான். 2017இல் ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த கையோடு, மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் கோலா விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தது நினைவிருக்கும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அப்போது பொவொன்டோவுக்கு மாறினார்கள். அதைத் தயாரிப்பது விருதுநகரில் 1916இல் தொடங்கிய காளிமார்க், நம் ஊர்க் காசு நம் ஊரிலேயே தங்கட்டும் என்பது நியாயமான எண்ணம், நானும் அதை மதிக்கிறேன். ஆனால் இரைப்பைக்குள் போன பிறகு சீனிக்கு ஊர் கிடையாது.

இதே பதில்தான் "இயற்கை" என்ற பெயரில் வருகிற வரிசைக்கும். கரும்புச் சாற்றில் 100 மில்லிக்கு 13 முதல் 15 கிராம் சர்க்கரை என்று மேலே சொன்ன 2024 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது, அதாவது கோலாவை விடவே அதிகம். பதநீரும் 10 கிராமுக்குக் குறையாது. நன்னாரி சர்பத்தில் வேரின் வாசனை நன்னாரி, மீதி பெரும்பாலும் சீனிப்பாகு. பருத்திப்பாலில் கருப்பட்டியோ வெல்லமோ போடுகிறார்கள், சுக்கு, தேங்காய் என்று மற்றதெல்லாம் நல்ல சரக்கு, பசியையும் அடக்கும், இந்த வரிசையில் எனக்கு மனசார பிடித்தது அதுதான். ஆனாலும் வெல்லத்தின் கலோரி சீனியிலிருந்து பெரிதாக வேறுபடாது. வெல்லம் போட்டால் எடை ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இளநீர் மட்டும் நிஜமாகவே வேறு ஆள். ஒரு காயில் சீனி பெரும்பாலும் 10 கிராமைச் சுற்றித்தான் இருக்கும். ஆனால் அதன் விலைக்குப் பத்து ரூபாய் பாட்டில் நாலைந்து வாங்கலாமே, ஒரு மாணவன் எதை எடுப்பான்?

இப்போது டீ. இதில்தான் நான் அதிகம் பேச வேண்டும், ஏனென்றால் யாருமே இதைக் கூல்டிரிங்க்ஸோடு சேர்த்து எண்ணுவதில்லை. டீக்கடையில் ஒரு கிளாஸுக்கு மாஸ்டர் போடும் சீனி இரண்டு ஸ்பூன், நிறுத்துப் பார்த்தால் 9, 10 கிராம். கிளாஸை வைத்து மட்டும் பார்த்தால் இது கோலாவில் பாதி, ஜூஸில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் யார் ஒரு கிளாஸோடு நிறுத்துகிறார்கள்? எங்கள் விடுதியில் காலை எழுந்ததும் ஒன்று, பதினொரு மணி இடைவேளையில் கேன்டீனில் ஒன்று, நாலரைக்கு ஒன்று, பரீட்சை நேரமென்றால் ராத்திரி படிக்க உட்காரும்போது ஒன்று. நாலு கிளாஸ், 40 கிராம். எந்த நாளும் தப்பாது, ஞாயிற்றுக்கிழமையும் தப்பாது. கூடவே இரண்டு பிஸ்கட், இல்லையென்றால் ஒரு வடை.

கடையிலாவது "மாஸ்டர், சீனி கம்மி" என்று சொல்ல முடிகிறது. நான் பார்த்த பல விடுதிகளில் டீ பெரிய டிரம்மில் சீனி கலந்தே வந்துவிடும். முந்நூறு பேருக்கு ஒரே இனிப்பு, திறந்தால் ஊற்றும் குழாய், அவ்வளவுதான். அதில் குறைத்துக் குடிக்க வழியே இல்லை. பதினேழு வயதில் சீனியில்லாமல் டீ குடித்துப் பழகியவளும் மூன்றாவது மாதத்தில் மாறிப்போகிறாள். இதை நான் வருஷம்தோறும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜிகர்தண்டாவைத்தான் எல்லோரும் முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார்கள். சுண்டக் காய்ச்சிய பால், பாசுந்தி, நன்னாரிப் பாகு, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம். கிளாஸுக்குக் கிளாஸ் வைத்தால் இது எல்லாரையும் தோற்கடிக்கும், சந்தேகமே இல்லை. அதில் சாதுவான பொருள் பாதாம் பிசின் ஒன்றுதான், ராத்திரி ஒரு ஸ்பூன் ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய உப்பி நிற்கும். ஆனால் ஜிகர்தண்டாவை யார் தினமும் குடிக்கிறார்கள்? வெளியூரிலிருந்து அப்பா அம்மா வந்தால், பரீட்சை முடிந்தால், விளக்குத்தூண் பக்கம் துணி எடுக்கப் போனால். மாதத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. குடித்தவர்களுக்கு வயிறும் நிறைந்துவிடும், ராத்திரி இரண்டு இட்லி குறையும். என் வகுப்பில் ஜிகர்தண்டாவால் குண்டான பிள்ளை என்று ஒருவரையும் நான் பார்த்ததில்லை.

வயிறு நிறைவது என்றேனே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். 2000இல் அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னச் சோதனை செய்தார்கள். 15 பேர், நாளைக்கு 450 கலோரி, நாலு வாரம் ஜெல்லி மிட்டாயாக, இன்னொரு நாலு வாரம் சோடாவாக. மிட்டாய் தின்ற நாட்களில் அவர்கள் தெரியாமலே மற்றச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள், எடை அசையவில்லை. சோடா குடித்த நாட்களில் சாப்பாடு குறையவில்லை, எடை ஏறியது. குடிக்கிற சீனியை உடம்பு சாப்பாடாகக் கணக்கில் வைக்கவில்லை. பாலும் பாசுந்தியும் கலந்து கெட்டியாக, ஸ்பூன் போட்டுச் சாப்பிடுவது நடந்துகொள்கிற மாதிரி தெளிந்த பாகுத் தண்ணீர் நடந்துகொள்ளாது என்பது என் கருத்து.

எவ்வளவு ஏறும் என்பதில் இணையத்தில் நிறையப் பேர் மிகைப்படுத்துகிறார்கள். 7700 கலோரிக்கு ஒரு கிலோ என்று பெருக்கி, "தினம் ஒரு பாட்டில், வருஷத்துக்கு நாலு கிலோ" என்று எழுதிவிடுவார்கள். உடம்பு அப்படி நேர்கோட்டில் ஓடுவதில்லை. நெதர்லாந்தில் 641 பள்ளிப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் 104 கலோரி சீனி பானம், மறு பாதிக்கு அதே ருசியில் சீனியில்லாதது என்று 18 மாதம் கொடுத்துப் பார்த்தார்கள், 2012இல் முடிவு வந்தது. யார் எதைக் குடிக்கிறோம் என்று பிள்ளைகளுக்கே தெரியாது. வளரும் பிள்ளைகள், இரு பக்கமும் எடை கூடியது, சீனிப் பக்கம் 7.37 கிலோ, சீனியில்லாப் பக்கம் 6.35. பெருக்கல் கணக்குப்படி 7 கிலோ வித்தியாசம் வந்திருக்க வேண்டும், வந்தது 1 கிலோ. அந்த ஒரு கிலோ பானத்தால் மட்டுமே வந்தது, அதனால்தான் எனக்கு இந்த ஆய்வின் மேல் அவ்வளவு மதிப்பு. ஆகவே அந்த மாணவியின் நாலு கிலோவையும் ஜூஸின் தலையில் கட்ட மாட்டேன். விடுதிச் சோறு, ராத்திரி பரோட்டா, பேருந்தைத் தவிர வேறு நடமாட்டமே இல்லாத நாள், எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

எங்கள் முதுகலை மாணவர்கள் ஒவ்வொரு வருஷமும் ஒரு கேள்வித்தாளோடு கிளம்புவார்கள்: வாரத்துக்கு எத்தனை பாட்டில், உங்கள் எடை எவ்வளவு. முடிவில் "தொடர்பு இல்லை மேம்" என்று வந்து நிற்பார்கள். கபடி ஆடும் ஒல்லிப் பையன் தினம் இரண்டு பாட்டில் என்று எழுதியிருப்பான். எடை ஏறியதால் போன மாதம்தான் எல்லாவற்றையும் நிறுத்தியவன் பூஜ்ஜியம் என்று எழுதியிருப்பான். ஒரே நாளில் இரண்டையும் கேட்டால் பானம் குடித்தவன் ஒல்லி, குடிக்காதவன் குண்டு என்றுதான் தாள் சொல்லும். தொடர்பு இல்லை என்பதல்ல, அந்தக் கேள்வியால் அதைப் பிடிக்க முடியவில்லை. பல வருஷம் தொடர்ந்து பார்த்த இடங்களில் பிடிபட்டிருக்கிறது. அமெரிக்கச் செவிலியர் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை 1991 முதல் 1999 வரை பின்தொடர்ந்ததில், சீனிப் பானத்தை வாரத்துக்கு ஒன்று என்பதிலிருந்து தினம் ஒன்று என்று கூட்டிக்கொண்டவர்களுக்குத்தான் எடை அதிகம் ஏறியது.

நம் ஊர் நிலவரமும் இலேசானதில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடை உள்ளவர்கள் 2015-16இல் 30.9 சதவீதம், 2019-21இல் 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37. இதிலும் உடல் நிறை குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண், BMI) 25 அல்லது அதற்கு மேல் இருப்பவர்களைத்தான் எண்ணியிருக்கிறார்கள். நம் உடம்புவாகுக்கு 23இலேயே கவனிக்கச் சொல்கிறார்கள் மருத்துவர்கள்.

"அப்போ ஜீரோ சுகர்?" என்று கேட்பீர்கள். எடை என்ற ஒன்றை மட்டும் பார்த்தால் சீனிக் கோலாவை விட மேல், அந்த நெதர்லாந்து ஆய்வே அதைத்தான் காட்டியது. ஆனால் எடையைக் கட்டுப்படுத்த, சீனிக்குப் பதிலாகப் போடும் இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் சொல்லியிருக்கிறது. இடைக்காலத்துக்கு ஒரு ஊன்றுகோலாக வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் நான் பரிந்துரைப்பதில்லை.

என் வரிசை இதுதான். நமக்குத் தெரியாமல் அதிகம் கெடுப்பது தினசரி ஜூஸும், தினசரி டீயில் இருக்கும் சீனியும். அடுத்தது பத்து ரூபாய் பாட்டில். டீயே 12, 15 என்று விற்கும்போது கோலா டீயை விட மலிவாகிவிட்டது, அதனால் அது மேலே ஏறிக்கொண்டே வருகிறது. கரும்புச் சாறும் சர்பத்தும் வெயில் காலத்தில் மட்டும் பயப்பட வேண்டியவை. ஜிகர்தண்டா கடைசி. மதுரை வெயிலில் தாகத்துக்கு என்றால் நீர்மோர், அல்லது பெட்டிக்கடையில் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட சோடா, சீனி இல்லாமல். சித்திரைத் திருவிழாவில் பந்தலுக்குப் பந்தல் மோரை வாளி வாளியாக ஊற்றுகிறோமே, அது மற்ற மாதங்களில் கல்லூரி கேன்டீனில் ஏன் கிடைப்பதில்லை என்பது எனக்கு இன்னும் தீராத ஆதங்கம்.

அந்த மாணவி இப்போது ஜூஸ் கடையில் "சீனி வேணாம்ணே, உப்பு ஒரு சிட்டிகை" என்கிறாள். முதல் நாள் அண்ணன், "புளிக்கும்மா, குடிக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, அவள் பார்க்காத நேரத்தில் பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி போட்டுவிட்டாராம். இவள் திருப்பிக் கொடுத்து வேறு பிழியச் சொல்லியிருக்கிறாள். விடுதிச் சமையலறையில் சீனியைத் தனிக் கிண்ணத்தில் வைக்கக் கேட்டு அறுபது பேரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறாள். வார்டனிடம் திங்கட்கிழமை கொடுக்கிறோம்.