பெல்ட் அறுந்த சனிக்கிழமை: 11 வருடம் புழங்கிப் பார்த்த வீட்டுச் சொகுசுகள்

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அரிசியும் உளுந்தும் ஊறித் தயாராக இருக்கின்றன. கிரைண்டரைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, டிரம் சுற்றவில்லை. அடியில் திறந்து பார்த்தால் பெல்ட் அறுந்து கிடக்கிறது. வெளியே அடைமழை. வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. அறுந்த பெல்ட்டை ஒரு கவரில் போட்டு, ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்துவிட்டார். கடை சாத்துகிற நேரத்தில் போய் அதே அளவில் பெல்ட் வாங்கி வந்து மாட்டி, ராத்திரி பத்து மணிக்குள் உளுந்து அரைபட்டுவிட்டது.

அதே வீட்டில், மாடி அறையில், டிரெட்மில்லின் பெல்ட் ஒரு பக்கமாக விலகி அப்போதே ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. மெக்கானிக்கின் நம்பர் ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டியிருக்கிறது. யாரும் கூப்பிடவில்லை. கிரைண்டரைப் போல ஆறு மடங்கு விலை கொடுத்து வாங்கியது அது.

மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது இந்த இரண்டும் ஒன்றாக மனதில் பட்டன. வாங்கிய முதல் மாதத்தில் எல்லாச் சாமானும் நன்றாகத்தான் இருக்கும். கெட்டுப்போன அன்று எத்தனை மணி நேரத்தில் சரிசெய்ய ஓடினோம் என்று பார்த்தால்தான் அதன் மதிப்பு தெரிகிறது. 2014இல் மதுரையில் இந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து வாங்கியவற்றை அந்தக் கணக்கில் நினைத்துப் பார்த்தேன். வீட்டில் நான், கணவர், மாமியார். பெண் சென்னையில் வேலை பார்க்கிறாள். நான் பள்ளிக்கூட ஆசிரியை. வீட்டுக்கடன் போக மிஞ்சுவதில்தான் இந்தச் சொகுசெல்லாம்.

முதலில் கிரைண்டரையே சொல்லிவிடுகிறேன். 2 லிட்டர், மேடையில் வைக்கிற சாய்க்கும் மாடல். இதில் என்ன சொகுசு என்று கேட்கலாம். மிக்ஸி இருக்கிறது, தெருமுனைக் கடையில் மாவுப் பாக்கெட் கிடைக்கிறது, அதனால் இல்லாமலும் வாழலாம். ஆனால் மிக்ஸியில் பிளேடு வேகமாகச் சுற்றி மாவு சூடாகிவிடும். ஐஸ் தண்ணீர் விட்டு அரைத்தாலும் உளுந்து பொங்கி வராது. கல்லில் மெதுவாக அரைபடும்போது உளுந்துக்குள் காற்று ஏறுகிறது. முதல் பத்து நிமிடம் கரகரவென்று இருக்கிற சத்தம் அப்புறம் அடங்கி, மாவு டிரம்மின் ஓரத்தில் வெண்ணெய் மாதிரி ஏறி நிற்கும். ஒரு சொட்டு எடுத்து தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். அதுதான் பதம். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்த ஊரின் கல்லும் கைப்பழக்கமும் சேர்ந்த சாமான் அது. இந்தப் 11 வருடத்தில் எனக்கு இரண்டு பெல்ட், ஒரு வயர், ஒரு தடவை கல் கொத்திய கூலி, அவ்வளவுதான் செலவு. இத்தனை நாள் உழைத்த சாமான் எங்கள் வீட்டில் வேறு கிடையாது.

ஏசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். ஏனென்றால் எங்கள் வீட்டில் ஒரே சாமான் இரண்டு தீர்ப்பு வாங்கியது அதில்தான்.

2019 மே மாதம், அக்னி நட்சத்திரம் நடந்துகொண்டிருந்தது. மொட்டை மாடிக்கு நேர் கீழே எங்கள் படுக்கையறை. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுவரில் கை வைத்தால் சுடும். அத்தைக்கு அப்போது 70 வயது. விடிய விடிய ஈரத்துண்டை மார்பில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த வாரமே 1.5 டன், 5 ஸ்டார் இன்வெர்ட்டர் ஏசி ஒன்று வாங்கினோம். விலை உறுத்தியது என்பது உண்மை. ஆனால் மாட்டிய முதல் ராத்திரி அத்தை காலை ஆறரை வரை தூங்கினார். அவர் அப்படித் தூங்கி அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

கோடையில் எல்லோரும் அந்த ஒரே அறையில்தான் படுக்கிறோம். 27 டிகிரி வைத்து, சீலிங் ஃபேனை இரண்டில் ஓடவிடுவோம். 2020 ஜனவரியிலிருந்து விற்கிற ஏசிகளில் 24 டிகிரியைத்தான் ஆரம்ப அளவாக வைத்து அனுப்ப வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஃபேனும் ஓடினால் 27 டிகிரியே எங்களுக்குக் குளிராக இருக்கிறது. இப்படி ஓட்டினால் இரண்டு மாதக் கணக்கில் ஏசிக்கு மட்டும் 250லிருந்து 300 யூனிட் ஆகிறது. இங்கே ஒன்று கவனிக்க வேண்டும். நம் ஊர் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101லிருந்து 200 வரை குறைந்த விலையில் வந்த யூனிட்டுகளும் அடுத்த விலைக்குப் போய்விடும். அதனால் ரீடிங் எடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, ஐம்பதாவது நாள் மீட்டரைப் பார்த்துவிடுவேன். 480ஐ நெருங்கினால் அயர்ன் பாக்ஸையும் கீசரையும் கொஞ்சம் ஒதுக்கிவைப்போம். ஏசியை நிறுத்துவதில்லை.

2023 ஏப்ரலில் அதில் கேஸ் கசிந்தது. காலை எட்டு மணிக்கே போன் போட்டோம். சர்வீஸ் கம்பெனி மூன்று நாள் ஆகும் என்றது. மூன்று நாளும் காத்திருக்க முடியாமல் வெளி மெக்கானிக்கைக் கூட்டிவந்து, அதிகக் காசு கொடுத்து அன்றைக்கே சரிசெய்தோம். அது ஒரு தீர்ப்பு.

இரண்டாவது தீர்ப்பு ஹாலில் கிடைத்தது. படுக்கையறை ஏசி இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று 2022இல் ஹாலுக்கும் ஒன்று வாங்கினோம். ஹால் என்றால் வாசல் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் சமையலறை, தாளிக்கிற சூடு நேராக ஹாலுக்கு வரும். கூரியர்காரர் வருவார், பக்கத்து வீட்டு அக்கா வருவார். அறை குளிர்வதற்குள் யாராவது எழுந்து போவார்கள். முதல் கோடையில் எண்ணி 11 நாள் ஓடியது. மறு வருடம் அதன் ஸ்டெபிலைசர் போயிருந்தது. எப்போது போனது என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. தங்கை வீட்டுக்குக் கழற்றிக் கொடுத்துவிட்டோம். ஏசி வாங்குவதாக இருந்தால் தூங்குகிற அறைக்கு மட்டும் வாங்குங்கள் என்று கேட்கிற எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மெத்தையில் பெரிய காசை விட்டேன். விளம்பரம் பார்த்து, அமுக்கினால் கைத்தடம் பதிகிற ஃபோம் மெத்தை. பனிக்காலத்தில் சுகமாகவே இருந்தது. பங்குனி பிறந்ததும் முதுகுப்பக்கம் வியர்த்து ஊற ஆரம்பித்தது. ஃபோம் உடம்புச் சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது, காற்று உள்ளே போவதில்லை. இரண்டு வருடத்தில் இடுப்பு படுகிற இடம் பள்ளமாகிவிட்டது. வாரண்டி கேட்டால், பள்ளம் இத்தனை அங்குலம் இருந்தால்தான் மாற்றித் தருவோம் என்று ஸ்கேல் வைத்து அளந்துவிட்டுப் போனார்கள். கடைசியில் போடிநாயக்கனூரிலிருந்து இலவம்பஞ்சு வரவழைத்து, உள்ளூரிலேயே தைத்து வாங்கினோம். ஃபோம் மெத்தையின் பாதி விலைகூட ஆகவில்லை. போடி என்றால் ஏலக்காய் நினைவுக்கு வரும், இலவம்பஞ்சுக்கும் அந்த ஊருக்குப் பேர் உண்டு. ஒரு வேலை மட்டும் இருக்கிறது. மாதம் ஒரு முறை மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் போட்டு, கம்பால் லேசாகத் தட்ட வேண்டும். காய்ந்த மெத்தை சாயங்காலம் உப்பி எழும்பியிருக்கும். அன்று ராத்திரி படுத்துப் பார்த்தால்தான் அதன் சுகம் தெரியும். நான்கைந்து வருடத்துக்கு ஒரு தடவை பிரித்து, பஞ்சு சேர்த்துத் தைக்க வேண்டும். ஆள் கிடைப்பதுதான் இப்போது சிரமம். எங்களுக்குத் தைத்தவர் தன் பிள்ளைகள் இந்த வேலைக்கு வரமாட்டார்கள் என்றார்.

காபி விஷயத்தில் எது காசுக்குத் தகுதி என்று பிரித்துப் பார்க்க எனக்கு நாலு வருடம் ஆனது. கடையில் கொட்டையைக் கண்ணெதிரே அரைத்து வாங்குவது தகுதி. 200 கிராம் கொட்டை, 50 கிராம் சிக்கரி. பத்து நாளுக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை, அதற்குமேல் டிகாஷனில் மணம் ஏறாது. புதுமண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் வாங்கிய பித்தளை பில்டரும் தகுதி. நல்ல பாலும் தகுதி. ஆனால் பீபெரிக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு எங்களுக்கு வீண். பழத்துக்குள் தட்டையாக இரண்டு கொட்டை விளைவதற்குப் பதிலாக ஒன்றே உருண்டையாக விளைவதுதான் பீபெரி. அரிதாக விளைவதால் விலை அதிகம். மூன்று மாதம் அதையும் பிளாண்டேஷன் ஏ என்கிற தட்டைக் கொட்டையையும் மாற்றி மாற்றிப் போட்டேன். பாலும் சர்க்கரையும் சேர்ந்த பிறகு வீட்டில் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. கறுப்புக் காபி குடிப்பவர்களுக்கு வித்தியாசம் தெரியலாம்.

பரிசாக வந்த காபி மெஷின் ஒன்றும் இருக்கிறது. கேஸ்கட் கிழிந்து அட்டைப்பெட்டிக்குள் போய்விட்டது. பில்டரின் மேல்பாத்திரத்தில் துளை அடைத்துக்கொண்டாலோ, அடுப்பில் லேசாகச் சூடு காட்டி அந்த நிமிடமே சரிசெய்துவிட்டுத்தான் மறுவேலை.

நிற்கிற வேலைக்கு நல்ல செருப்பு அவசியம். ஒரு நாளைக்கு ஐந்து பீரியட் சிமென்ட் தரையில் நின்று குதிகால் வலி வந்த பிறகுதான் எனக்கு அது புரிந்தது. பட்டுப்புடவைக்கு ஆகிற செலவில் பத்தில் ஒரு பங்கு, தினமும் எட்டு மணி நேரம் உழைக்கிறது. கைக்கடிகாரம் போலக் கட்டிக்கொண்டு அடி எண்ணுகிற கருவி தகுதியில்லை. ஸ்ட்ராப் அறுந்ததோடு சரி, யாரும் தேடவில்லை.

ரயில் பயணத்திலும் எங்களுக்கு ஒரு கணக்கு வந்துவிட்டது. பெண்ணைப் பார்க்க இரண்டு மாதத்துக்கு ஒரு முறை பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னை போகிறோம். வெள்ளிக்கிழமை ராத்திரி போகும்போது ஸ்லீப்பர். தூக்கம் கெட்டாலும் சனிக்கிழமை பெண் வீட்டில் படுத்துக்கொள்ளலாம். ஞாயிறு ராத்திரி திரும்பும்போது தேர்டு ஏசி, ஏனென்றால் திங்கள் காலை ஒன்பதேகாலுக்கு நான் வகுப்பில் நிற்க வேண்டும். அந்தக் கூடுதல் காசை நான் ஒரு தடவைகூட நினைத்து வருந்தியதில்லை. செகண்டு ஏசி ஒரு முறை போனோம். திரைச்சீலையும் கொஞ்சம் இடமும் கூடுதல், தூக்கம் அதே தூக்கம். முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்த பிறகு திரும்புகிற டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்கிறேன்.

இனி பூ. இது கெட்டுப்போகிற சாமான் இல்லை, தினமும் வாடுகிற சாமான். ஆனாலும் இந்தப் பட்டியலில் இதை விட எனக்கு மனமில்லை. 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய எங்கள் ஊர் மல்லி, சித்திரை வைகாசியில் கூடை கூடையாக வரும். மார்கழி, தையில் பனிக்கு மொட்டு குறைந்து கிலோ ஆயிரக்கணக்கில் போகும். தெருமுனையில் உட்கார்கிற பூக்காரம்மா முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, அறுக்கும் முன் நாலு கண்ணி தள்ளி அறுப்பார். தினம் ஒரு முழம் அத்தைக்கு.

2021இல் மாமா தவறிவிட்டார். அத்தை, "இனி எனக்குப் பூ வேண்டாம்மா, காசைக் கரியாக்காதே" என்றார். நான் நிறுத்தவில்லை. படத்துக்கு என்று சொல்லி அதே ஒரு முழம் வாங்கிவந்தேன். மூன்று நான்கு மாதம் அப்படியே போனது. ஒரு நாள் எனக்குத் தேர்வுத்தாள் திருத்துகிற வேலை, பூ வாங்காமல் வந்துவிட்டேன். ஏழு மணி இருக்கும். அத்தை வாசலுக்கும் ஹாலுக்குமாக இரண்டு தரம் நடந்தார். "பூக்காரி இன்னைக்கு வரலையாம்மா?" என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். வந்ததும் பாதியைப் படத்துக்குச் சாத்திவிட்டு, மிச்சத்தை அத்தையின் தலையில் நானே வைத்தேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. தை மாதம் விலை எகிறினால் அரை முழம் வாங்குகிறோம், வாங்காமல் இருப்பதில்லை.

பெண் இப்போது பாத்திரம் கழுவுகிற மெஷின் வாங்கித் தருகிறேன் என்கிறாள். தங்கை வீட்டில் இருக்கிறது, நான் போய் ஒரு வாரம் பார்த்தேன். தட்டும் டம்ளரும் பளிச்சென்று வருகின்றன. இட்லிக் கொப்பரை, குழம்புச் சட்டி, தூக்குவாளி எல்லாம் சேர்ந்தால் உள்ளே இடம் போதவில்லை, கையால்தான் தேய்க்கிறாள். எங்கள் தெருவில் போர் தண்ணீர் வேறு உப்பு. மெஷினுக்குள் தனியாக உப்புப் போட்டுத்தான் அந்தக் கடினத் தண்ணீரை மாற்ற வேண்டுமாம். ஆனால் தங்கையின் மெஷின் ஒரு நாள் நின்றுபோனபோது மறுநாள் காலையிலேயே ஆளைக் கூப்பிட்டுவிட்டாள், அதையும் பார்த்தேன். இன்னும் ஒரு கோடை போகட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். அதற்குள் டிரெட்மில்லை விற்றாக வேண்டும், அந்த இடத்தில்தான் அரிசி மூட்டையை வைக்க வேண்டும் என்று அத்தை தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.