கடைசி வகுப்பில் என்ன வைக்கலாம்: பட்டிமன்றமா, வழக்காடு மன்றமா, ஏலமா?

எங்கள் காரைக்குடிப் பக்கம் பேச்சுப் பயிற்சி வகுப்பின் கடைசி நாள் என்றாலே முதலில் வாயில் வருவது பட்டிமன்றம்தான். வராமல் எப்படி இருக்கும்? சா. கணேசன் 1939-இல் கம்பன் கழகம் தொடங்கிய ஊர் இது. பட்டிமன்றத்தைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டுபோன குன்றக்குடி அடிகளாரின் ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது. ஆனாலும் 13 முதல் 17 வயதுப் பிள்ளைகளின் கடைசி வகுப்புக்கு அது பொருந்துமா என்று கேட்டால், நான் தயங்குவேன்.

20 பேர், ஒன்றரை மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொள்வோம். அணிக்கு மூவர், ஒரு நடுவர். ஏழு பேர் பேசுவார்கள், 13 பேர் கைதட்டுவார்கள். அந்த ஏழு பேரும் ஏற்கெனவே மேடைக்குப் பழகியவர்களாகத்தான் இருப்பார்கள். பாதிப் பேர் வீட்டில் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் செய்து, தொலைக்காட்சியில் கேட்ட குரலிலேயே ஒப்பிப்பார்கள். எதிரணி சொன்னதைக் காதில் வாங்கி அந்த இடத்திலேயே மறுக்கிற பிள்ளை கிடைத்தால் பட்டிமன்றம் மாதிரி ஒரு பயிற்சி வேறில்லை, அதை மறுக்க மாட்டேன். பெற்றோரை அழைத்து மண்டபத்தில் நிறைவு விழா வைப்பதாக இருந்தாலும் அதுவே சரி. பிள்ளைகள் மட்டும் கூடும் வகுப்பறைக்கு அது போதாது.

சீட்டு எடுத்து உடனே பேசுவது இன்னொரு வழி. மேடைப் பேச்சு பழகும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் ஒரு நிமிடத்தில் பச்சை விளக்கு, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு என்று காட்டுவார்கள். அருமையான பயிற்சி, ஆனால் அதன் இடம் மூன்றாவது, நான்காவது வகுப்பு. விடைபெறும் நாளில் ஒரு பிள்ளையைத் திகைக்க வைத்து வீட்டுக்கு அனுப்பக் கூடாது. முன்பின் பார்க்காத படங்களைத் திரையில் ஓட்டி, அதற்கேற்பப் பேசச் சொல்வதும் உண்டு. கலகலப்பான பிள்ளைகள் வெளுத்து வாங்குவார்கள். கூச்சப்படும் பிள்ளைக்கு அது தண்டனை.

வழக்காடு மன்றம் இவற்றைவிட நல்லது. ‘ஆயா சுட்டு வைத்த சீப்புச் சீடை டப்பாவோடு காணாமல் போன வழக்கு’ என்று ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். நீதிபதி, இரு தரப்பு வக்கீல்கள், குற்றவாளிக் கூண்டில் பேரன், சாட்சிகளாகப் பக்கத்து வீட்டு ஆச்சி, பால்காரர் என்று பத்துப் பன்னிரண்டு பேருக்கு வேலை கிடைக்கும். அதிகம் பேசாத பிள்ளையைச் சாட்சியாக்கலாம், கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னால் போதும். குறுக்குக் கேள்வியில் வகுப்பே சிரிக்கும். ஆனால் இரண்டு வக்கீல்களே முக்கால்வாசி நேரத்தை எடுத்துக்கொள்வார்கள்.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தால் என் கை ஏலத்தின் பக்கம்தான் உயர்கிறது. ஆளுக்கொரு பழைய பொருளை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். ஒவ்வொருவரிடமும் 500 ரூபாய்க்குக் காகிதப் பணம். ஒன்றரை நிமிடம் பொருளைப் பற்றிப் பேச்சு, ஒரு நிமிடம் ஏலம். 20 பேரும் பேசி முடிக்க 50 நிமிடம், மிச்ச நேரம் அரட்டைக்கும் பலகாரத்துக்கும். எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

இதில் நடக்கும் பாடத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓலையில் பின்னிய கூடையான கொட்டானைத் தூக்கிப் பிடித்து, “இது ரொம்ப அழகான கொட்டான்” என்றாள். ஒரு கையும் உயரவில்லை. “எங்க ஆயா பின்னுனது. எங்க சித்தி கல்யாணத்துல இதுலதான் பலகாரம் வச்சுக் குடுத்தாங்க. ஓரத்துல இந்த ஊசிநூல் வேலை முடிக்க ராத்திரியெல்லாம் உக்காந்திருந்தாங்க” என்றதும், பின்வரிசைப் பையன், “அக்கா, கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க!” என்று எழுந்தே நின்றுவிட்டான். அவள் குரல் தானாக உயர்ந்தது. நான் பல வகுப்பில் “சத்தமா, சத்தமா” என்று கெஞ்சி வராத குரல் அது. வாங்க ஆசைப்பட்டவன் கேட்டதும் வந்துவிட்டது. பொத்தாம்பொதுவான சொல்லுக்கு விலை இல்லை, கண்ணால் கண்டதைச் சொன்னால் கை உயரும் என்று எந்தக் கரும்பலகையும் இவ்வளவு விரைவாகக் காட்டாது.

பட்டறைக்காரர் வீட்டுப் பையன் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லோடு வந்து, கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயம் ஊற்றுவதையும், சிமெண்டும் மணலும் போட்டு அழுத்துவதையும், பிறகு தண்ணீரில் ஊறப்போடுவதையும் கையசைவோடு சொன்னான். கைகளை எங்கே வைப்பது என்று அதுவரை தவித்தவன் அவன். பிடித்துக்கொள்ள ஒரு பொருள் இருந்தால் அந்தத் தவிப்பு போய்விடுகிறது.

இரண்டு கவனம் தேவை. வெள்ளிச் சாமான், நகை எதுவும் வேண்டாம், மங்குத் தட்டு (எனாமல் தட்டு) போதும் என்று முந்தைய வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஏலம் விளையாட்டுக்குத்தான், பொருள் அவரவர் வீட்டுக்கே திரும்பும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறுங்கையோடு வருகிற பிள்ளைக்கு மேசையில் இருக்கும் சாக்பீஸ் டப்பாவைக் கொடுங்கள், அதற்கும் ஏலம் கேட்க ஆள் இருக்கும்.