நடு வரிசையில் பெஞ்சா, தனி இருக்கையா? எர்டிகாவும் எக்ஸ்எல் 6-உம்

எங்கள் வீட்டில் ஆறு பேர். மாமனார், மாமியார், நாங்கள் இருவர், பன்னிரண்டு வயது மகள், ஐந்து வயது மகன். 2023-இல் பழைய காரை மாற்றியபோது கடைசிவரை போட்டியில் நின்றவை இரண்டு: மாருதி சுசூகி எர்டிகா, அதே நிறுவனத்தின் எக்ஸ்எல் 6. நாங்கள் வாங்கியது எக்ஸ்எல் 6. அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எஞ்சினைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. இரண்டிலும் அதே 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரமும் இரண்டிலும் 2,740 மி.மீ. நாங்கள் வாங்கிய 2023-இல் எக்ஸ்எல் 6 நீளத்தில் 50 மி.மீ. கூடுதலாக இருந்தது, அது வெளி அலங்காரத்தில் போய்விட்டது, உள்ளே காலுக்கு வந்து சேரவில்லை. டிக்கியும் இரண்டிலும் 209 லிட்டர்தான். மூன்று வரிசையிலும் ஆள் உட்கார்ந்தால் ஒரு நடுத்தரப் பெட்டியும் இரண்டு பைகளும் வைக்கலாம், அவ்வளவே.

உண்மையான வித்தியாசம் நடு வரிசையில் இருக்கிறது. எர்டிகாவில் மூன்று பேர் அமரும் பெஞ்சு. எக்ஸ்எல் 6-இல் கைத்தாங்கியோடு இரண்டு தனி இருக்கைகள், இடையில் ஒரு சந்து. எங்கள் முடிவைத் தீர்மானித்தது அந்தச் சந்துதான்.

ஏன் என்று சொல்ல, வாடகை வண்டியில் ஏலகிரி போன கதையைச் சொல்ல வேண்டும். பெஞ்சு வைத்த ஏழு இருக்கை வண்டி அது. பெஞ்சின் ஒரு பக்கம் மகனுக்கான குழந்தை இருக்கையை இறுக்கிக் கட்டியிருந்தோம். மறுபக்கம் மாமியார், கடைசி வரிசையில் மகள். ஏலகிரி மலைப்பாதையில் மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். பாதி ஏறியிருப்போம், மகளுக்கு வயிற்றைப் புரட்டியது. குழந்தை இருக்கை கட்டிய பக்கத்தை மடக்க முடியாது. மாமியார்தான் இறங்கி வழிவிட வேண்டும். அவருக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். ஒரு கையால் கதவைப் பிடித்து, ஒரு காலைத் தரையில் ஊன்றி, அடுத்த காலை மெதுவாக எடுத்து வைப்பதற்குள் மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டாள். பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. அன்று மாமியார் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை வெளியூர் கிளம்பியபோது, "நான் வீட்டிலேயே இருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்றார். அந்த வார்த்தை என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசி வரிசைக்குப் போகிறவர் எப்படி ஏறுகிறார், எப்படி இறங்குகிறார் என்பதை ஷோரூமில் யாரும் சோதிப்பதில்லை. எல்லோரும் ஒருமுறை உட்கார்ந்து பார்த்து, முழங்கால் இடிக்கிறதா என்று கேட்டுவிட்டு எழுந்துவிடுகிறார்கள். நடு வரிசையில் பெரியவரை உட்காரவைத்து, பெல்ட் போட்டு, குழந்தை இருக்கையையும் பொருத்திய பிறகு, கடைசி வரிசைப் பிள்ளையை மூன்று முறை இறங்கி ஏறச் சொல்லுங்கள். திருப்பதிக்குப் போகும்போது சித்தூரில் காபிக்கு ஒருமுறை, கழிவறைக்கு ஒருமுறை என்று நிறுத்துவோமே, அந்தக் கணக்குதான். எக்ஸ்எல் 6-இல் எங்கள் மகள் பாட்டியை அசைக்காமலேயே சந்து வழியாக முன்னே வந்து இறங்கினாள். பெஞ்சில் ஒவ்வொரு முறையும் பாட்டி எழ வேண்டும்.

அந்தச் சந்து அகலமானது என்று நினைத்துவிட வேண்டாம். பிள்ளைகள் நேராகப் போவார்கள்; நான் பக்கவாட்டில் திரும்பித்தான் போக முடிகிறது; என் கணவர் முயலவே மாட்டார்.

கைத்தாங்கியின் பயன் வாங்கிய பிறகே தெரிந்தது. மலை வளைவில் பெஞ்சில் உட்கார்ந்தவர் பக்கத்தில் இருப்பவர் மேல் சரிகிறார். சரியாமல் இருக்கத் தொடையை இறுக்கிக்கொள்கிறார். மறுநாள் இடுப்பு வலிக்கிறது. மாமியார் இப்போது கைத்தாங்கியில் முழங்கையை ஊன்றிக்கொள்கிறார். ஏலகிரிக்கு மறுபடியும் வந்தார்.

கடைசி வரிசையில் பெரிய வேறுபாடு கிடையாது. இரண்டிலும் சாய்மானத்தைச் சற்றுச் சாய்க்கலாம். ஆனால் தரை உயரமாகவும் இருக்கை தாழ்வாகவும் இருப்பதால் பெரியவர்களுக்கு முழங்கால் மேலே தூக்கி நிற்கும், தொடைக்குத் தாங்கல் கிடைக்காது. ஆற்காடு, ஆரணி வரை போய்வரலாம். பெங்களூருவரை நான் அங்கே உட்கார மாட்டேன். நடு இருக்கையை ஓரிரு விரற்கடை முன்னே தள்ளினால் கொஞ்சம் மேல்.

எங்கள் வேலூர் வெயிலுக்கு ஒரு எச்சரிக்கை. எக்ஸ்எல் 6-இன் உட்புறம் கறுப்பு. அக்னி நட்சத்திரத்தில் கோட்டை எதிரே ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் உள்ளே அடுப்பங்கரைபோல் இருக்கும். உயர் ரகத்தில் தோல் போன்ற உறை வருகிறது. துணி உறையே போதும் என்று நான் பிடிவாதமாக இருந்ததற்குக் காரணம் இதுதான். எர்டிகாவின் வெளிர் நிற உட்புறம் கண்ணுக்கும் குளிர்ச்சி, விசாலமாகவும் தோன்றும். கறை மட்டும் உடனே தெரியும். நடு வரிசைக்குக் கூரையிலிருந்து ஏசி காற்று வருவதால் எங்கள் வண்டியில் பத்து நிமிடத்தில் சூடு தணிந்துவிடுகிறது.

விலையில் எர்டிகா குறைவு. மறுவிற்பனையிலும் அதற்குத்தான் கிராக்கி இருக்கும் என்று நினைக்கிறேன். வாடகைக்கு ஓட்டுபவர்களும் தேடி வாங்கும் வண்டி அது. எங்கள் வண்டியை இன்னும் விற்றுப் பார்க்காததால் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. எர்டிகாவில் நான் நெடுந்தூரம் போனதும் ஒரே முறைதான், நாத்தனார் வண்டியில்.

குடியாத்தத்தில் இருக்கும் அந்த நாத்தனார் வீட்டில் ஏழு பேர். அவர்களுக்கு எர்டிகாவைத்தான் நானே சொன்னேன். ஆறு இருக்கை என்றால் ஆறுதான். ஏழாவது ஆளை அந்தச் சந்தில் உட்காரவைக்க முடியாது. அன்று பயணத்தில் அவருடைய இளைய மகன் ஆம்பூர் தாண்டியதும் அம்மா மடியில் தலைவைத்துப் பெஞ்சில் சுருண்டுகொண்டான். அதைப் பார்த்துவிட்டு, எங்கள் மகன் தன்னையும் அப்படிப் படுக்கவிடச் சொல்லி இன்றுவரை கேட்கிறான். ஓடும் வண்டியில் பெல்ட்டை அவிழ்க்கக் கூடாது என்று இருவருக்கும் சொல்லியாயிற்று. வண்டியை நிறுத்தி, பெரியவர்கள் டீ குடிக்கும் பதினைந்து நிமிடம் பிள்ளை கால் நீட்டிப் படுக்கும் சுகம் எங்கள் வண்டியின் நடு வரிசையில் கிடையாது.