பின்வளவுப் பட்டறையோடு நாலு வின்ரர்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வீடு எழுபதுகளில் கட்டிய பங்களா. வாங்கும்போதே பின்வளவில் 10க்கு 12 அடியில் ஒரு பலகைக் கொட்டில் நின்றது. முந்தின வீட்டுக்காரர் புல்லு வெட்டுகிற மெசினைப் போட்டு வைத்திருந்தார். நான் அதைத் தச்சுப் பட்டறை ஆக்கினேன். பிழைப்புக்கு இல்லை. கதிரை திருத்துவேன், புத்தகத் தட்டு அடிப்பேன், கேட்டவர்களுக்குச் சாமித்தட்டுச் செய்து கொடுப்பேன். கொட்டிலுக்குக் குளிர் மறிக்கிற இன்சுலேசன் போட்டது 2021 செப்ரெம்பரில். நாலு வின்ரர் போய்விட்டது. எது உழைத்தது, எது வீண் காசு என்று இப்போது சொல்லலாம்.

விசர்வேலையில் இருந்தே தொடங்குகிறேன். இன்சுலேசன் போடுவதற்கு முந்தின வின்ரரில், சிலிண்டரில் பூட்டி எரிக்கிற புரொப்பேன் ஹீற்றர் ஒன்றை வாங்கிக் கொட்டிலுக்குள் வைத்தேன். கால் மணித்தியாலத்தில் ஜாக்கெற்றைக் கழற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் யன்னல் கண்ணாடி வியர்த்து வழிந்தது. கூரைப் பலகைக்குள்ளால் நீட்டிக்கொண்டிருந்த ஆணி நுனிகளில் எல்லாம் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால் டேபிள் சோ என்கிற கரண்ட் வாளின் வார்ப்பிரும்பு மேசை முழுக்கத் துரு. விரலால் தொட்டால் மிளகாய்த்தூள் மாதிரி ஒட்டியது.

பிறகுதான் கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் கிட்டத்தட்ட 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக வரும். பாபிகியூவுக்குப் பூட்டுகிற 20 இறாத்தல் சிலிண்டர் ஒன்று முடிந்தால் 15 லீற்றர் அளவு. புகைபோக்கி இல்லாத இடத்தில் அவ்வளவும் உள்ளுக்குத்தான் நிற்கும். கொட்டிலில் ஆகக் குளிர்ந்த பொருள் எதுவோ அதில் போய்ப் படியும். என் கொட்டிலில் அது இரும்பு. கார்பன் மொனொக்சைட் கதை வேறு. பூட்டிய இடத்தில் பாவிக்காதே என்று பெட்டியிலேயே அடித்திருந்தார்கள். நான் வாசித்தது தலையிடி வந்த பிறகு.

அடுத்தது 1,500 வாற் கரண்ட் ஹீற்றர். வெளியே மைனஸ் 12. இரண்டு மணித்தியாலம் ஓடியும் உள்ளே மைனஸ் 5. ஒட்டிய பலகை அடுத்தநாள் கையோடு கழன்று வந்தது. பசை காய்ந்த இடம் சோக்குக்கட்டி போல் வெள்ளை. சாதாரண மஞ்சள் மரப்பசைக்கு 10 பாகையாவது வேண்டும். ஹீற்றர் ஓடும்போது வாளைப் போட்டால் பிறேக்கர் விழும். பனிக்குள்ளால் வீட்டுக்கு நடந்து, பேஸ்மென்டுக்கு இறங்கி, அதைத் தூக்கிவிட்டு வரவேண்டும். கடைசியில் எலெக்ரீசியன் பொடியன் ஒருவனைக் கூப்பிட்டேன். பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அண்ணை, ஹீற்றரும் வாளும் ஒரே வயரில. பிறேக்கர் விழாம வேற என்ன செய்யும்?"

ஹீற்றருக்கென்று நிலத்துக்குக் கீழால் தனி லைன் இழுத்தோம். கிடங்கு கிண்டமுதல் ஒன்ராறியோ வன் கோல் என்கிற சேவைக்கு அறிவித்தால் காஸ், கரண்ட் லைன்கள் எங்கே போகின்றன என்று இலவசமாகக் கோடு போட்டுவிட்டுப் போவார்கள். மின்சாரப் பாதுகாப்பைப் பார்க்கிற ஈஎஸ்ஏயிடம் பேர்மிற்றும் எடுத்தோம். இந்த இரண்டிலும் கள்ளவேலை வேண்டாம்.

இனி இன்சுலேசன். சுவர் இரண்டுக்கு நாலு மரம், அதற்குள் மூன்றரை அங்குல இடம். ஆர் எண் கூடக்கூடச் சூடு வெளியே போவது குறையும். கண்ணாடிப் பஞ்சு போட்டால் ஆர்-12, கல்லுப் பஞ்சான றொக்வூல் போட்டால் ஆர்-14. பேரைப் பார்த்துப் பயப்படவேண்டாம், இது அஸ்பெஸ்ரஸ் இல்லை. கல்லை உருக்கி நூலாக்கியது. நெருப்புப் பிடிக்காது, தண்ணீர் பட்டால் உறிஞ்சாது. எடுத்த எடுப்பிலேயே பிழை விட்டேன். வீட்டுச் சுவருக்கு உரிய 16 அங்குல இடைவெளிக் கட்டுகளை வாங்கிவந்து இறக்கினால், கொட்டில் மரங்கள் 24 அங்குலத்தில் நிற்கின்றன. எல்லாவற்றையும் திரும்ப வாகனத்தில் ஏற்றினேன். அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். வெட்டுவதற்குத் தனிக் கத்தி விற்கிறார்கள். பாண் வெட்டுகிற பல்லுக் கத்தியே போதும். ஆனால் மனுசியிடம் கேட்டுவிட்டு எடுங்கள். எங்கள் வீட்டில் அது திரும்பப் பாண் வெட்டவில்லை.

இரண்டு சுவருக்குப் பஞ்சு வைத்து, மேலே பிளைவூட்டும் அடித்து முடித்துவிட்டேன். நல்ல காத்தடித்த ஒரு பின்னேரம் உள்ளே நின்றால் காலடியில் குளிர் ஊருகிறது. வீட்டுக்குப் போய்ச் சாமியறையில் இருந்து ஊதுபத்திக் கட்டை எடுத்து வந்தேன். ஒன்றைக் கொளுத்திச் சுவரின் அடிமரத்தோரமாக மெதுவாகக் கொண்டு போனேன். நேராக எழும்பின புகை ஒரு இடத்தில் உள்ளுக்கு வளைந்தது, இன்னோர் இடத்தில் சிதறியே போனது. தரைக்கும் சுவருக்கும் இடையில் பென்சில் போகிற அளவு வெடிப்பு, கூரை வந்து இருக்கிற இடத்தில் அதைவிடப் பெரிது. பஞ்சு காத்தை மறிக்காது. காத்து அதற்குள்ளால் போய்வந்தால் ஆர்-14 என்று பையில் அச்சடித்திருப்பது பையிலேயே நிற்கும். அடித்த பிளைவூட்டைத் திரும்பக் கழற்றினேன். எழுபத்திச் சொச்சம் ஸ்குறூ.

சரியான ஒழுங்கு இதுதான். முதலில் வெடிப்பெல்லாம் ஸ்பிறே நுரையாலும், கோக்கிங் என்கிற வெடிப்படைக்கும் பசையாலும் அடை. பிறகு பஞ்சு. அதற்கு மேல், சூடான பக்கமாக, அதாவது உள்பக்கமாக, 6 மில் பொலித்தீன் (மில் என்பது மில்லிமீற்றர் இல்லை, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு); பொருத்துகளில் ரக் ரேப் என்கிற சிவப்பு ஒட்டுநாடா. குளிர் நாட்டில் உள்ளே இருக்கிற ஈரக்காத்து சுவருக்குள் போய்த் தண்ணீராகக் கூடாது, அதற்குத்தான் பொலித்தீன். கடைசியாகப் பிளைவூட். றைவோல் என்கிற ஜிப்சப் பலகை மலிவுதான், ஆனால் பட்டறைச் சுவரில் நினைத்த இடத்தில் ஆணி அடித்து உளியும் இழைப்புளியும் கொழுவவேண்டும். கூரைக்கு ஆர்-22 வைத்துத் தட்டைச் சீலிங் அடித்தேன், மேலே காத்துப் போய்வர இரண்டு பக்கமும் ஓட்டை விட்டு. நீளப் பலகை வைக்கிற இடம் போனது, அந்தக் கவலை இன்னும் இருக்கிறது. எலி வரும் ஓட்டைகளுக்குக் கால் அங்குலக் கம்பிவலை.

ஆகப் பிரயோசனப்பட்டது எது என்று கேட்டால் தரை என்பேன். பழைய தரைக்கு மேல் இரண்டு அங்குல எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை, ஆர்-10, அதற்கு மேல் முக்கால் அங்குலப் பிளைவூட். முன்பு அரை மணித்தியாலத்தில் கால்விரல் மரக்கும். இப்போது வீட்டுச் செருப்போடு நிற்கிறேன்.

அதே 1,500 வாற் ஹீற்றர், வெளியே மைனஸ் 18 நின்ற ஒரு காலையில் உள்ளே 15 பாகையைப் பிடித்து வைத்திருந்தது. பெரிய ஹீற்றர் வாங்க வைத்த காசு மிச்சம். வேலை இல்லாத நாளில் தேர்மொஸ்ராற்றை 5இல் விடுவேன். பெயின்றும் பசையும் உறையாது. நாளுக்கு 7, 8 கிலோவாற் மணி இழுக்கும். முழுக்க நிற்பாட்டிவிட்டுச் சனிக்கிழமை மட்டும் சூடாக்கினால் காசு மிச்சம்போலத் தெரியும். ஆனால் உறைந்த இரும்பில் சூடான காத்து பட்டால் பழைய துருக்கதை திரும்ப வரும். மாதம் ஒருமுறை மேசைக்கு மெழுகும் பூசுகிறேன்.

கொட்டில் தந்த துணிவில் வீட்டில் கை வைத்தோம். 2022இல் ஒரு கொம்பனி வந்து கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கிற அற்றிக்குக் கடதாசிப் பஞ்சு ஊதினார்கள், ஆர்-60க்கு, ஏறத்தாழ 17 அங்குலம். வீடு உடனே வித்தியாசம் காட்டியது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் பெப்ரவரியில் ஒருநாள் குளிர் விட்டதும் கோறிடோர்ச் சீலிங்கில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம். கூரைதான் ஒழுகுகிறது, தங்கள் பிழை இல்லை என்று கொம்பனி கையை விரித்தது. ரோர்ச்சோடு நானே ஏறிப் பார்த்தேன். கூரை ஆணி ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பூஞ்சணம்போல உறைபனி. கூரை விளிம்பால் காத்து ஏறுகிற சொபிற் வழிகளைப் பஞ்சால் மூடிவிட்டார்கள். வோஷ்றூம் விசிறியின் குழாயும் கழன்று, குளிக்கிற ஆவி எல்லாம் அற்றிக்குள் போய்க்கொண்டிருந்தது. இரண்டு சனிக்கிழமை முழங்காலில் தவழ்ந்து, கைமரங்களுக்கு நடுவில் காத்துத் தட்டுகள் செருகிக் குழாயையும் இறுக்கினேன். அதற்குப் பிறகு வட்டம் பெருக்கவில்லை. நீங்கள் யாரையும் பிடித்துச் செய்வித்தால், காசு கொடுக்கமுதல் சொபிற் பக்கத்தைப் படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

எங்கள் வீடுகளுக்கென்று இன்னொரு தொல்லை உண்டு. புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீட்டில் யன்னல் அழத்தான் செய்யும். வெளியே மைனஸ் 20 என்றால் உள்ளே ஈரப்பதன் 30 வீதத்தைத் தாண்டாமல் பார்க்கவேண்டும். அடுப்பு விசிறி வெளியே தள்ளுகிறதா, இல்லை வடிகட்டித் திரும்ப முகத்தில் ஊதுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். எங்களுடையது ஊதிக்கொண்டுதான் இருந்தது, ஆறு வருசம்.

தோட்டத்துப் பைப்புக்கு ஒக்ரோபரில் உள்வால்வைப் பூட்டி, வெளிப்பைப்பைத் திறந்து விடவேண்டும், ஹோஸைக் கழற்றி. ஒரு வருசம் மறந்தேன். உறைந்து வெடித்தது எப்போது என்று தெரியவே இல்லை. ஏப்ரலில் கத்தரிக்கன்றுக்குத் தண்ணீர் விடத் திறந்தபோது பேஸ்மென்ட் கம்பளம் நனைந்தது. யன்னலுக்கு ஒட்டி, தலைமயிர் காயவைக்கிற ஹெயார் றயரால் இழுக்கிற பிளாஸ்ரிக் மலிவு, நல்லது, வடிவில்லை.

பாக்கி இருப்பது கொட்டில் கதவு. தரை இரண்டே முக்கால் அங்குலம் உயர்ந்ததால் உள்ளே திறந்த கதவு இடித்தது. வெளியே திறக்கிற மாதிரி மாற்றினேன். பனி கொட்டினால் கதவு அசையாது. போன ஜனவரியில் சவளைக் கொட்டிலுக்குள்ளேயே வைத்துப் பூட்டிவிட்டு வந்துவிட்டேன். விடிய முழங்காலளவு பனி. மனுசியின் கேக் தட்டால் அரை மணித்தியாலம் கிண்டினேன். பாண் கத்தியோடு சேர்த்து இப்போது அதுவும் பட்டறைச் சாமான்தான்.