கணினி அறிவியலுக்குத் தனி ஆசிரியர்: யாரிடம் சேர்ப்பது?

தமிழ்நாட்டில் பிளஸ் 2 படிக்கும் பிள்ளைக்கு டியூஷன் என்றதும் வீட்டில் முதலில் பேசப்படுவது கணிதம், இயற்பியல், வேதியியல் ஆகிய மூன்றும்தான். பொறியியல் சேர்க்கைக்கான 200 மதிப்பெண் கட்-ஆஃப், கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று கணக்கிடப்படுகிறது. கணினி அறிவியலில் ஒருவர் நூற்றுக்கு நூறு எடுத்தாலும் அது அந்தக் கணக்கில் சேராது. இதனால் கணினி அறிவியலுக்கு ஆசிரியர் வைப்பது பல குடும்பங்களில் கடைசியாகவும் அவசரமாகவும் எடுக்கப்படும் முடிவாகிவிடுகிறது. அதே காரணத்துக்காகத்தான் இந்த முடிவை நிதானமாக எடுக்க வேண்டும் என்று நான் சொல்வேன். மதிப்பெண் மட்டுமே குறி என்றால் பாடநூலும் பழைய வினாத்தாள்களும் பெரும்பாலும் போதும். தனியாகப் பணம் கொடுத்து ஒருவரை அமர்த்துகிறோம் என்றால், ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக நிரல் (புரோகிராம்) எழுதத் தெரிந்திருக்க வேண்டும். டியூஷன் சென்டர், கல்லூரி மாணவர், ஓய்வுபெற்ற ஆசிரியர், மென்பொருள் பொறியாளர், இலவச இணையப் பாடம் ஆகியவற்றை இந்த ஓர் எதிர்பார்ப்பை வைத்தே இங்கே ஒப்பிடுகிறேன்.

ஒப்பிடுவதற்கு முன் அளவுகோலைத் தெளிவாக்கிவிடலாம். ஒன்று முதல் பத்து வரையிலான எண்களைக் கூட்டும் சிறிய நிரல் ஒன்றைப் பைத்தான் என்ற நிரலாக்க மொழியில் ஒரு மாணவி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். வைல் மடக்குக்குள், அதாவது ஒரு நிபந்தனை பொருந்தும்வரை திரும்பத் திரும்ப இயங்கும் வரிகளுக்குள், கூட்டல் வரி இருக்கிறது. சுற்றுகளை எண்ணும் மாறியின் மதிப்பில் ஒன்றைக் கூட்டும் வரியை மட்டும் உள்தள்ளாமல் மடக்குக்கு வெளியே எழுதிவிட்டாள். இயக்கியதும் திரை அப்படியே நிற்கிறது. ஓர் ஆசிரியர் விசைப்பலகையைத் தம் பக்கம் இழுத்து, அந்த வரியை நான்கு இடம் உள்ளே தள்ளி, 55 என்ற விடையை வரவழைத்துக் காட்டுகிறார், மாணவி தலையாட்டுகிறாள். இன்னோர் ஆசிரியர் விசைப்பலகையைத் தொடாமல், “மூன்றாவது சுற்றில் மாறியின் மதிப்பு என்னம்மா? தாளில் எழுதிக் காட்டு” என்கிறார். அவள் 1, 1, 1 என்று எழுதும்போதே தவறு எங்கே என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. முன்னவரிடம் படிப்பவள் அடுத்த வாரமும் அதே பிழையோடு வந்து நிற்பாள். பின்னவரிடம் படிப்பவளுக்கு அதன் பிறகு எழும் எந்த மடக்குப் பிழையையும் தானே தேடும் வழி கிடைத்துவிடுகிறது.

ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. தனி ஆசிரியரிடம் படித்த சராசரி மாணவர், வழக்கமான வகுப்பறையின் சராசரி மாணவரைவிட இரண்டு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதன் அளவு) மேலே நின்றார் என்று கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதியதைத் தனிப்பயிற்சி விளம்பரங்கள் இன்றும் மேற்கோள் காட்டுகின்றன. 2011-இல் ஆய்வாளர் கர்ட் வான்லேன் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மனித ஆசிரியரால் கிடைக்கும் பயன் சுமார் 0.79 திட்டவிலக்கம் என்றே தெரியவந்தது. அதைவிட முக்கியமானது அந்தத் தொகுப்பில் இருந்த இன்னொரு செய்தி: கடைசி விடையை மட்டும் சரிபார்த்த கணினிவழிப் பயிற்சியின் பயன் 0.31 ஆகவும், ஒவ்வொரு படியிலும் குறுக்கிட்டு உதவிய பயிற்சியின் பயன் 0.76 ஆகவும் இருந்தன. ஆக, ஆசிரியர் மாணவரின் ஒவ்வோர் அடியையும் பார்க்கிறாரா, முடிவை மட்டும் பார்க்கிறாரா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இந்த அளவுகோலில் முதலில் அடிபடுவது தெருமுனை டியூஷன் சென்டர். அதன் பலங்களைக் குறைத்துச் சொல்வதற்கில்லை. மாநிலப் பாடத்திட்டத்தின் 70 மதிப்பெண் எழுத்துத் தேர்வில் ஒரு மதிப்பெண் வினா பதினைந்து, ஐந்து மதிப்பெண் வினா ஐந்து என்ற அமைப்பை அங்கே உள்ளவர்கள் கரைத்துக் குடித்திருப்பார்கள். எந்தப் பாடத்தில் எது திரும்பத் திரும்ப வருகிறது என்பது அவர்களுக்கு மனப்பாடம். கட்டணமும் தனி வகுப்பைவிடக் குறைவாகவே இருக்கும். ஆனால் ஒரு மணிநேர வகுப்பில் இருபது பேர் அமர்ந்தால், ஆசிரியர் கரும்பலகைப் பக்கமே திரும்பாமல் ஒவ்வொருவரிடமாகப் போனாலும் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். பல மையங்களில் கணினியே இருப்பதில்லை. நிரலைக் கரும்பலகையில் எழுதிப் போட, பிள்ளைகள் நோட்டில் பார்த்து எழுதிக்கொள்கிறார்கள். பேனாவால் எழுதிய நிரல் பிழைச் செய்தி எதையும் காட்டாது. தேர்ச்சியே கவலையாக உள்ள பிள்ளைக்கு, அதுவும் தேர்வுக்கு முந்தைய சில மாதங்களுக்கு மட்டும், நான் டியூஷன் சென்டரைச் சொல்வேன்.

அடுத்தவர், அருகில் வசிக்கும் பொறியியல் மூன்றாம் ஆண்டு அல்லது எம்.சி.ஏ. மாணவர். பெற்றோர் இவரைக் குறைத்தே மதிக்கிறார்கள், அது சரியல்ல. “சார்” முன்னால் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளை, “அக்கா, இந்த இடம் எனக்குச் சுத்தமாப் புரியல” என்று கல்லூரி மாணவியிடம் கூச்சமில்லாமல் சொல்லிவிடும். இந்தப் பாடத்தில் புரியவில்லை என்று சரியான இடத்தில் சொல்வது பாதி வேலை முடிந்ததற்குச் சமம். மடிக்கணினியோடு வீட்டுக்கே வருவார். மடக்கும், நிரல் தன்னையே அழைக்கும் தற்சுழற்சியும் தமக்கே குழப்பமாக இருந்த நாட்கள் இன்னும் அவர் நினைவில் இருக்கும். குறை என்னவென்றால், அவருக்கும் செமஸ்டர் தேர்வு உண்டு. நவம்பர், டிசம்பரிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் வகுப்பு நின்றுபோகும் என்பதை முதலிலேயே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். இறுதியாண்டில் வளாக நேர்காணல்கள் தொடங்கிவிட்டால் வாக்குக் கொடுத்தபடி வர அவரால் முடியாது. தமக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லிக்கொடுக்கும் ஆர்வமும் இந்த வயதில் இருக்கும். பாடத்தின் எல்லையை வீட்டில் உள்ளவர்கள் நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஓய்வுபெற்ற மேல்நிலைப் பள்ளி ஆசிரியரோ கல்லூரி விரிவுரையாளரோ கிடைத்தால் அது பெரிய வாய்ப்பு. ‘ஓய்வுபெற்ற’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: பணியில் இருக்கும் ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்பது 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது. வகுப்பில் நடத்துகிறவரே மாலையில் காசு வாங்கிக்கொண்டு அதையே நடத்துவது பிள்ளைக்கும் நல்லதல்ல, மற்றப் பிள்ளைகளுக்கும் நியாயமல்ல.

அனுபவமுள்ள ஆசிரியரின் அருமை மாநிலப் பாடநூலைத் திறந்தால் விளங்கும். பிளஸ் 1-இல் சி++, பிளஸ் 2-இல் பைத்தான் என்று மொழியே மாறுகிறது. பிளஸ் 2 நூலின் முதல் பாடம் செயற்கூற்றை, அதாவது ஒரு வேலைக்கென்று பெயரிட்டு எழுதப்படும் நிரல் பகுதியை, விளக்கும்போது பைத்தானைத் தொடுவதே இல்லை; ‘லெட் ரெக்’ என்று தொடங்கும் வேறொரு குறியீட்டு முறையில் எழுதுகிறது. பின்னால் ஒரு பாடம் சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கச் சொல்கிறது. தரவுத்தளத்துக்கு ஓரிடத்தில் மைஎஸ்கியூஎல், மற்றோரிடத்தில் எஸ்கியூலைட். இந்த வளைவுகளில் எல்லாம் பிள்ளையைக் கைபிடித்து அழைத்துப் போக, அந்த நூலை நடத்திப் பழகியவரால்தான் முடியும். ஆனால் இங்கும் ஒன்றைச் சோதித்தே ஆக வேண்டும். அவருடைய சி++ குறிப்பேட்டில் முதல் வரி ‘ஐஓஸ்ட்ரீம் டாட் ஹெச்’ என்று இருந்தால், அவர் இன்னும் டர்போ சி என்ற பழைய மென்பொருளின் காலத்தில் இருக்கிறார் என்று பொருள். 1998-இல் சி++ மொழி தரப்படுத்தப்பட்டபோதே அந்த ‘டாட் ஹெச்’ கைவிடப்பட்டது. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் இன்றைய தொகுப்பிகளில் அந்த நிரல் பெரும்பாலும் ஓடாது.

மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு வார இறுதியில் இணையவழி நடத்துபவர் நான்காவது வகை. பிழை தேடுவதில் இவரை மிஞ்ச ஆளில்லை, ஏனென்றால் அதுவே இவருடைய அன்றாட வேலை. திரைப் பகிர்வில் பிள்ளை தட்டச்சு செய்வதைப் பார்த்துக்கொண்டே, “இந்த இடத்தில் மதிப்பைத் திரையில் அச்சிட்டுப் பார், என்ன வருகிறது?” என்று கேட்பதற்கு நேரில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஊரில் ஆள் கிடைக்காத பெரம்பலூர், இராமநாதபுரம் பிள்ளைக்கு இது பெரிய கொடை. ஆனால் மேலே சொன்ன ‘லெட் ரெக்’ பாடத்தை இவர் முன் நீட்டினால் திகைத்துப் போவார். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எத்தனை குறிப்பு எழுத வேண்டும் என்பது இவருக்குத் தெரியாது. கட்டணம் மணிக்கணக்கில் இருக்கும். ஒரு வெளியீட்டுத் தேதி நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ரத்தாகும். தேர்வுத் தயாரிப்பைப் பிள்ளை தானே பார்த்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை இருந்தால், நிரலாக்கம் கற்க இவரே எனக்கு முதல் தேர்வு.

சான்றிதழோடு ‘கோடிங்’ சொல்லித்தருவதாக விளம்பரம் செய்யும் பயிற்சி நிறுவனங்களை இந்தப் பட்டியலில் நான் சேர்க்கவில்லை. அவை வேலை தேடும் பட்டதாரிகளுக்கானவை. பள்ளிப் பாடத்தோடு அவற்றுக்குத் தொடர்பு குறைவு.

இனி இலவச வழி. சென்னை சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகத்தின் பேராசிரியர் மாதவன் முகுந்த், ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெலுக்காகப் பைத்தான் வழி தரவுக் கட்டமைப்புகளையும் நெறிமுறைகளையும் (அல்காரிதம்) நடத்திய காணொளிகள் யாருக்கும் திறந்திருக்கின்றன. தேர்வெழுதிச் சான்றிதழ் பெற விரும்பினால் மட்டுமே கட்டணம். மும்பை ஐஐடியின் ‘ஸ்போக்கன் டியூட்டோரியல்’ காணொளிப் பாடங்கள் தமிழ் ஒலியோடும் கிடைக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் அறிமுகமான சிஎஸ்50 பாடமும் அப்படியே திறந்து கிடக்கிறது. இவற்றுக்கு ஈடாக விளக்கக்கூடிய தனி ஆசிரியர் நம் தெருவில் கிடைப்பது அரிது. கிடைக்க வேண்டியதும் இல்லை. விளக்கம் இலவசமாகக் கிடைக்கும்போது அதற்காகவே ஒருவருக்குப் பணம் தருவது வீண் செலவு. காணொளியால் செய்ய முடியாதது, நிற்கும் திரைக்கு முன் தவிக்கும் பிள்ளையின் தாளைப் பார்ப்பது மட்டுமே.

அந்த இடத்தை உரையாடும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் நிரப்பிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்டதும் முழு நிரலையும் எழுதிக் கொடுத்துவிடும் உதவி, விசைப்பலகையைப் பிடுங்கும் ஆசிரியரின் உதவியைப் போன்றதே. ஹார்வர்டில் 2023-இல் சிஎஸ்50 மாணவர்களுக்கென்று இத்தகைய உதவியை அமைத்தபோது, விடையைத் தூக்கிக் கொடுக்காமல் விடையை நோக்கி நகர்த்தும்படியே அதை வடிவமைத்தார்கள். அந்தக் கட்டுப்பாட்டைப் பதினாறு வயதுப் பிள்ளை தனக்குத்தானே விதித்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

ஆளைத் தேடும்போது, ஆசிரியர்களைப் பட்டியலிடும் இணையதளங்களின் நட்சத்திர மதிப்பீட்டைவிட, பள்ளி ஆய்வகப் பொறுப்பாளரிடமும் மேல்வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரிடமும் விசாரிப்பது பலன் தரும். முதல் கேள்வியாகப் பாடத்திட்டத்தைக் கேளுங்கள். சிபிஎஸ்இ-யில் கணினி அறிவியலின் பாடக் குறியீடு 083, இன்ஃபர்மேடிக்ஸ் பிராக்டிசஸ் என்ற இன்னொரு பாடத்தின் குறியீடு 065. முன்னதில் ‘ஸ்டாக்’ எனப்படும் அடுக்கும் கோப்புகளும் வலையமைப்பும் உண்டு. பின்னது தரவைக் கையாளும் பாண்டாஸ் என்ற ஆயத்த நிரல் தொகுப்பையும் தரவு வரைபடங்களையும் மையமாகக் கொண்டது. இரண்டையும் ஒன்றாகப் பாவித்து “எல்லாம் பைத்தான்தானே சார்” என்று சொல்பவரைத் தவிர்த்துவிடலாம். 083-இல் செய்முறைக்கு 30 மதிப்பெண். அதில் செயல்திட்டத்துக்கு மட்டும் 8. அந்தச் செயல்திட்டத்தைத் தாமே செய்து கொடுத்துவிடுவதாகச் சொல்பவரிடம் ஒருபோதும் பிள்ளையை ஒப்படைக்காதீர்கள்.

முதல் வகுப்பைச் சோதனை வகுப்பாக வைத்துக்கொண்டு, பிள்ளை ஏற்கெனவே எழுதி ஓடாமல் போன நிரல் ஒன்றைக் கொடுங்கள். அந்த ஒரு மணிநேரத்தில் விசைப்பலகை யார் கையில் இருந்தது என்பதை மட்டும் கவனித்தால் போதும். வகுப்பு வீட்டின் பொது அறையில் நடக்கட்டும். இணையவழி என்றாலும் அப்படியே. ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கொடுக்காமல் மாதாமாதம் கொடுங்கள்.

மாநிலப் பாடத்திட்டப் பிள்ளைக்கு, ஓய்வுபெற்ற ஆசிரியர் கிடைத்தால் அவரையும், கிடைக்காவிட்டால் பிளஸ் 2-இல் கணினி அறிவியலையே படித்துவிட்டு வந்த கல்லூரி மாணவரையும் வாரம் இரு நாட்களுக்கு அமர்த்தி, விளக்கத்தைக் காணொளிகளில் கேட்கச் சொல்வேன். சிபிஎஸ்இ பிள்ளைக்கு வார இறுதி மென்பொருள் பொறியாளர் நன்றாகப் பொருந்துவார், ஏனென்றால் அந்தப் பாடத்திட்டம் அவருடைய வேலைக்குச் சற்று நெருக்கமானது. கணிதத்தோடு உயிரியல் உள்ள பிரிவில் படித்துவிட்டுப் பொறியியலில் சேர்ந்து, முதல் ஆண்டிலேயே நிரலாக்கத் தாளை எதிர்கொள்ளும் பிள்ளைகளின் நிலைமைதான் கடினம். வாழ்நாளில் ஒரு நிரல்கூட எழுதாமல் அவர்கள் அந்த வகுப்பறைக்குள் போகிறார்கள். அவர்களுக்கு அதே துறையில் மேல் ஆண்டில் படிக்கும் அண்ணனோ அக்காவோதான் பொருத்தமானவர். அதையும் அரியர் விழுந்த பிறகு தேடாமல், பிளஸ் 2 தேர்வு முடிந்து கல்லூரி திறப்பதற்கு முந்தைய விடுமுறையிலேயே தொடங்கிவிட வேண்டும்.